மாட்டுக்கு சாப்பாடு வைக்கிறீங்களா? முதல்ல கவரை அவிழ்த்துடுங்க!

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவுக்கு 5 மணி நேரத்துக்கும் மேலாக ஆபரேஷன் செய்தனர். அதன் வயிற்றிலிருந்து வெளியே வந்தது 52 கிலோ பிளாஸ்டிக்!

மாடு பிளாஸ்டிக்கைத் தேடிப் போய் தின்பதில்லை. மிச்ச சாப்பாட்டை கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு, 'மாடாவது சாப்பிடட்டும்' என்று ரோட்டோரம் வைக்கிறோமே, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கவரை ஏன் விழுங்குகிறது?

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கால் சுழற்றி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். சோறு வேறு, கவர் வேறு என்று பிரிக்கத் தெரியாது. உள்ளே போன பிளாஸ்டிக் செரிக்காது. பெரும்பாலும் வெளியேயும் வராது. வயிற்றை அடைத்துக்கொள்வதால் மாடு தீனி எடுக்காமல் மெலிந்துபோகும். குப்பையோடு போகும் கம்பி, ஊசி இதயம் வரை குத்தலாம்.

கவர் இல்லாமல் சோறு வைத்தால்?

அதிலும் ஆபத்து இருக்கு. சோறு, பொங்கல், பிரெட் போன்றவற்றை ஒரே நேரத்தில் நிறைய தின்றால் வயிற்றில் அமிலம் கூடி, உயிரே போகலாம். கெட்டுப்போன சாப்பாடு வேண்டவே வேண்டாம்.

எதைக் கொடுக்கலாம்?

புல், வைக்கோல், அகத்திக்கீரை, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல். அமாவாசைக்கு கோயில் வாசலில் கீரை வாங்கினால், கட்டியிருக்கும் கயிறு, ரப்பர் பேண்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள். வெயில் காலத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் பெரிய உதவி.

எங்கே கொடுப்பது?

நடுரோடு, பஸ் ஸ்டாப், பள்ளி வாசல் வேண்டாம். தினமும் தீனி கிடைக்கும் இடத்துக்கு மாடு தினமும் வரும். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டித் தூக்கிய வீடியோவை யாரும் மறந்திருக்க முடியாது. கன்றோடு நிற்கும் பசுவின் அருகே குழந்தைகளை விடாதீர்கள்.

சென்னையில் 'தெரு மாடு' என்கிறோமே, அதில் பலவற்றுக்கு உரிமையாளர் உண்டு. காலையில் பால் கறந்துவிட்டு அவிழ்த்துவிடுகிறார்கள். ரோட்டில் பிடிபட்டால் முதல் முறை 10,000 ரூபாய், அடுத்த முறை 15,000 ரூபாய் அபராதம் என 2024இல் மாநகராட்சி உயர்த்தியது. ஆனாலும் ரோட்டிலேயே தீனி கிடைக்கும்வரை, தீவனச் செலவு அவர்களுக்கு மிச்சம்தான். அதனால் கீரையை மாட்டுத் தொழுவத்திலோ கோசாலையிலோ கொடுப்பதே நல்லது.

ரோட்டில் மாடு தொல்லை என்றால் சென்னையில் 1913, அடிபட்ட மாட்டுக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

மிச்ச சோறு? கவரில் கட்டாமல், மக்கும் குப்பையில் போடுங்கள். மாட்டுக்கு அதுவே புண்ணியம்!