காற்றறிந்து மனை வகுப்போம்

வருங்கால இல்லம் பற்றிய பேச்சு இக்காலத்திற் பெருகி வருகின்றது. ஆள் நுழைந்ததும் விளக்குத் தானே எரியும். வெயிலேறியதும் அறை தானே குளிரும். இவ்வியல்புடைய மனைக்குத் 'திறன் வீடு' எனப் பெயரும் இட்டுள்ளனர். புதுமையை வரவேற்பதில் யான் பின்னிற்பவனல்லேன். ஆயினும், வீட்டுக்குத் திறனாவது யாது என்னும் வினாவை முதற்கண் எழுப்புதல் வேண்டும்.

சாளரத்திற்குப் பண்டைத் தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று காலதர் என்பது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கு வழி வகுத்தல் மனைத்தொழிலின் தலையாய பணி என்பதை அச்சொல்லே உணர்த்துகின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, நிழல் நோக்கித் திசை தெரிந்து, நூல் பிடித்து அரண்மனை வகுத்த முறையைக் கூறுகின்றது. வேனிலில் தென்றலை வரவிட்ட பள்ளியறைக் கதவுகள் கூதிர்க்காலத்தில் தாழிடப்பட்டமையும் அந்நூலிற் காணப்படும். பருவத்திற்கேற்ப மாறும் மனை நமக்குப் புதிதன்று.

இனி, நம் நாட்டு நிலையை நோக்குவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். ஆனி, ஆடியில் மலைநாட்டைக் கடந்து வறண்டு வரும் கச்சான் மேற்கிலிருந்து சுடுகின்றது. பகலிற் கடற்காற்று கிழக்கிலிருந்து தணிக்கின்றது. கார்த்திகை, மார்கழியில் வாடையோடு மழை அறைகின்றது. மேற்கே மரநிழலும், கிடுகு வேய்ந்த தாழ்ந்த கூரையும், திண்ணையும் உடைய பழைய வீடு இவற்றையெல்லாம் அறிந்திருந்தது. இன்றோ, தகரமும் கொங்கிறீற்றுங் கொண்டு வெப்பத்தை உள்ளே சேர்த்துவிட்டு, அதனை வெளியேற்ற மின்சாரத்தை நாடுகின்றோம். 2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மின்விசிறி நின்றபோது, காலதரில்லா அறையின் திறன் எத்தகையது என்பதைப் பலரும் உணர்ந்தனர்.

"அவ்வாறாயின் ஓலைக் குடிலுக்கே மீள்வதோ?" எனச் சிலர் வினவலாம். அது என் கருத்தன்று. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி, கூரையை இறுகப் பிணிக்கக் கற்பித்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மணற்கிணறுகளை உவராக்கி, மழைநீர்த் தொட்டியின் அருமையை உணர்த்தியது. சூரிய மின்தகடும், வாவி நீர் ஏறுவதை முன்னறிவிக்கும் கருவியும் நமக்கு வேண்டியனவே. 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா கொழும்பில் அமைத்த ஏனா டி சில்வா இல்லம், நடுமுற்றத்தைப் புதிய கட்டடக்கலையோடு இணைத்துக் காட்டிற்று. பழைமையும் புதுமையும் ஒரு கூரையின்கீழ் வாழக்கூடும்.

இவற்றினும் முதன்மையான செய்தியொன்று உண்டு. தாய்வழி முறைமை ஓங்கிய இப்பகுதியில், மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தல் பெற்றோர் கடன். மருமகனே அம்மனைக்கு வந்து சேர்வான். பேரலைக்குப் பின் எழுந்த வீடுகள் பல, 'குடும்பத் தலைவர்' என்னும் ஒரு சொல்லால் ஆடவர் பெயரிற் பதிவாயின. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்கு அரணாயிருந்த உடைமை, ஒரு படிவத்தின் சொல்லால் கைமாறிற்று. திறன் வீட்டிலோ இவ்விடர் மேலும் பெருகும். கைப்பேசி எவர் கையிலோ, விளக்கும் பூட்டும் அவர் ஏவலில் நிற்கும். மனைக்குரியவள் தன் வாயிலைத் திறக்கப் பிறர் கையை எதிர்நோக்குவாளாயின், அவ்வீட்டின் அறிவால் அவளுக்கு ஆவதென்ன?

ஆகவே, மனைத் திட்டம் வரைவோர்க்கு யான் கூறுவது இதுவே: வீட்டுக்குரிய பெண்ணிடம் முதலிற் செல்லுக. கச்சான் எப்பக்கம் சுடும், மாரியில் வெள்ளம் எம்மட்டும் ஏறும், அடுப்புப்புகை எவ்வழி போகும் எனக் கேட்டறிக. உறுதியில் அவள் பெயரை எழுதுக. அதன் பின்னர்ப் பொறிகளைப் பொருத்துக. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்ப் பாட்டிமாரிடம் காற்றின் பெயர்களையும் வீட்டுறுப்புகளின் பெயர்களையும் கேட்டு எழுதி வைப்பாராயின், வரைவோர்க்கு அஃதொரு நல்ல கைந்நூலாகும்.