ஆணுறையை எண்ணியவர்களின் சாதியை யார் எண்ணினார்கள்?

சென்ற மாதம், சாதி ஒழிப்புக் கருத்தரங்கு ஒன்றுக்கான திட்டமிடல் கூட்டத்தில், பால்புதுமை இளைஞர்களும் எச்.ஐ.வி.யும் என்று அரை மணி நேர அமர்வு ஒன்று வைக்கலாமே எனக் கேட்டேன். பல ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த தோழர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் என்.ஜி.ஓ. சப்ஜெக்ட் தோழர். ஃபாரின் காசு. நமக்கு எதுக்கு?" வேறு சிலரும் சிரித்தார்கள். அமர்வு பட்டியலில் ஏறவில்லை. தேநீர் வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சொல்லாமல் வந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

2008இல், என் 22ஆவது வயதில், வட மாவட்டம் ஒன்றில் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் 'பியர் எஜுகேட்டர்' ஆகச் சேர்ந்தேன். நான் சேரியில் பிறந்தவன். ஆண்களை விரும்புகிற ஆண். எங்களுக்குள் புழங்கும் சொல்லில் கோத்தி. இந்த வேலைக்கு இரண்டாவது தகுதியை மட்டும்தான் கேட்டார்கள். மாதம் 1,500 ரூபாய். அதற்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது, மதிப்பூதியம். ஒருவருக்கு 60 பேர் என்பது கணக்கு. பேருந்து நிலையத்தின் பின்பக்கம், ஏரிக்கரை, தியேட்டர் கழிவறை, ரயில்வே கேட் என்று சுற்றி அந்த 60 பேரையும் கண்டுபிடித்து, பேசிப் பழகி, ஆணுறை கொடுத்து, பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போய், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுக்க வைக்க வேண்டும். ராத்திரி வீட்டுக்கு வந்து, யாருக்கு எத்தனை ஆணுறை என்று படிவத்தில் குறிக்க வேண்டும்.

அந்தப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. வயது, திருமணம் ஆனவரா, வாரத்துக்கு எத்தனை முறை உறவு, பணம் வாங்குகிறவரா, குடிப்பவரா. சாதிக்குக் கட்டம் இல்லை. "நாங்க இங்க சாதி பாக்குறதில்ல" என்று திட்ட மேலாளர் பெருமையாகச் சொல்வார். பார்க்காமலே எல்லாம் சரியாக நடந்தது. ஏரிக்கரைக்குப் போனவர்கள் நாங்கள். டெல்லிக்குப் போனவர்கள் அவர்கள். ஆய்வாளர்கள் வந்தால் எங்களை வரிசையாக உட்கார வைத்து 'சமூகத்தின் குரல்' என்று பதிவு செய்வார்கள். அந்தக் குரலை ஆங்கிலத்தில் மாற்றுகிறவருக்கு ஒரு நாளுக்குக் கிடைத்தது எனக்கு இரண்டு மாதம் கிடைத்ததைவிட அதிகம்.

பதினோரு ஆண்டு வேலை செய்த பிறகு ஆலோசகர் பணியிடம் காலியானது. விண்ணப்பித்தேன். சமூகப்பணியிலோ உளவியலிலோ பட்டம் வேண்டும் என்றார்கள். இருக்கட்டும், விதி விதிதான். ஆனால் அந்த இடத்துக்கு வந்த தம்பிக்கு ஒரு கோத்தியிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தவன் நான். நம் பாலீர்ப்பு கடைநிலை வேலைக்கு மட்டும்தான் தகுதி. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு படிக்கும் வேறு தகுதி வேண்டும், அந்தத் தகுதி யார் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அஞ்சல் வழியில் படித்து, இன்று நானும் ஆலோசகர். என்னோடு சேர்ந்தவர்களில் அப்படி மேலே வந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு பேர் உயிரோடு இல்லை.

ஆக, என்.ஜி.ஓ.க்கள் பற்றித் தோழர் சொன்னதில் பாதி எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். மனிதர்களை இலக்கு எண்ணாக்கியது, போராட்டத்தைத் திட்ட அறிக்கையாக்கியது, கூவாகத்தில் சித்திரைதோறும் கேமரா முன்னால் ஆணுறைப் பெட்டியை அடுக்கியது, எல்லாவற்றையும் பார்த்தவன். மீதிப் பாதி தவறு. இந்தத் திட்டம் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுக் காசில் ஓடவில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம், 2021 முதல் 2026 வரை, ஒன்றிய அரசின் சொந்த நிதியில் வகுக்கப்பட்ட திட்டம். ஒதுக்கீடு 15,471 கோடி ரூபாய்க்கு மேல். இது நம் வரிப்பணம். துப்புரவுப் பணியாளர் நியமனத்தில், உதவித்தொகையில், விடுதிச் சாப்பாட்டில் கணக்குக் கேட்கிற நாம், இந்தக் கணக்கை ஏன் இதுவரை கேட்கவில்லை? இந்தத் திட்டத்தில் கீழே இருப்பவர்கள் யார், மேலே இருப்பவர்கள் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கிறோமா?

வெளிநாட்டுக் காசு உள்ள இடங்களும் உண்டு. அங்கே என்ன நடந்தது? 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. ஹைதராபாத்தில் 2021 முதல் திருநர்களுக்காக நடந்துவந்த மித்ர் கிளினிக் மூடப்பட்டது. காசு போன இடத்தை இயக்கங்கள் நிரப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொரு பக்கமும் திரும்ப வேண்டியிருக்கிறது. 377ஆவது பிரிவுக்கு எதிரான வழக்கு எங்கிருந்து தொடங்கியது என்று வானவில் கொடி பிடிக்கிற நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2001இல் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர்களைக் காவல்துறை கைது செய்து ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் வைத்தது. அதே ஆண்டு நாஸ் பவுண்டேஷன் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இந்தச் சட்டம் இருக்கும்வரை ஆணுறை கொடுக்கக்கூட முடியாது என்பது அதன் முக்கிய வாதங்களில் ஒன்று. 2009இல் வென்று, 2013இல் தோற்று, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பின் அடியில் ஏரிக்கரையில் ஆணுறை கொடுத்தவர்களின் கால்தடம் இருக்கிறது. அன்று நட்சத்திர விடுதிகளில் கேக் வெட்டினார்கள். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொற்றுள்ளவருக்கு வேலையையோ சிகிச்சையையோ மறுக்கக்கூடாது, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம். அதற்கு யாரும் கேக் வெட்டவில்லை. கேக் வெட்டியவர்களுக்கு அது தேவைப்படாது. அவர்களுக்குத் தனியார் மருத்துவர் இருக்கிறார்.

பெயர் இல்லாமல் போவது இந்தத் துறைக்குப் பழக்கம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவர்களின் பெயர் இன்று நமக்குத் தெரியும், தெரியவும் வேண்டும். ரத்தம் கொடுத்தவர்கள் அரசு இல்லத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்கள். அவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று யார் எழுதினார்கள்?

சரி, இது எப்படிச் சாதி ஒழிப்பின் வேலை?

அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதியின் உயிர் அகமண முறையில் இருக்கிறது என்று காட்டினார். சாதிக்குள்ளேயே ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமாகப் பொருந்த வேண்டும். மிஞ்சுகிற ஆணையும் மிஞ்சுகிற பெண்ணையும் என்ன செய்வது என்ற கவலையிலிருந்துதான் உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் வந்தன என்றார். இந்தக் கட்டுரையை நம் வாசகர் வட்டங்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! இந்தக் கணக்குக்குள் அடங்காத பையன் ஒருவன் வந்தால் குடும்பம் என்ன செய்யும் என்று ஒருமுறையாவது பேசியிருக்கிறோமா?

நான் சொல்கிறேன். மாமன் மகளைக் கட்டி வைக்கும். என் முன்னால் உட்கார்ந்து அழுத ஆண்களில் பெரும்பாலோர் திருமணமானவர்கள். 24 வயதில், 25 வயதில், அம்மா விஷம் குடிப்பேன் என்று மிரட்டி, சித்தப்பா அடித்து, தாலி கட்ட வைக்கப்பட்டவர்கள். சேரியில் இது நடக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் பெண் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் நல்ல காலம், நான் சென்னைக்கு ஓடிவிட்டேன். ஓட முடியாதவர்களின் மனைவிகளைக் கர்ப்பகாலப் பரிசோதனையில் சந்தித்திருக்கிறேன். கையில் அறிக்கையை வைத்துக்கொண்டு, "நான் எந்தத் தப்பும் பண்ணலையே சார்" என்பார்கள். அவர்கள் முன்னால் எந்தக் கோட்பாடும் வாயில் வராது. ஊர் முழுக்கப் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரில் எழுதினார்களே, புள்ளிராஜாவுக்கு யார், ஏன் கல்யாணம் செய்து வைத்தார்கள் என்று ஒரு சுவரிலும் எழுதவில்லை.

சாதி மாறிக் காதலித்த இணையர் ஓடி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? இரவோடு இரவாகத் தங்க இடம் தருகிறோம், வழக்கறிஞரைப் பிடிக்கிறோம், காவல் நிலைய வாசலில் நிற்கிறோம். அதே வீட்டிலிருந்து, அதே அரிவாளுக்குப் பயந்து, கல்யாணம் வேண்டாம் என்று தனியாக ஒரு பையன் ஓடி வந்தால், அல்லது திருநம்பி ஒருவர் ஓடி வந்தால், எந்தத் தோழர் வீட்டுக் கதவைத் தட்டுவது?

எனக்குத் தெரிந்த ஒரு பையன் எந்தக் கதவையும் தட்டவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தபோது அவனுக்கு 17 வயது, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன். கைப்பேசியின் முகப்பில் அம்பேத்கர் படம். நம் தோழர்கள் நடத்திய இரவுப் பாடசாலையில் படித்து வந்தவன், சாதி பற்றி என்னைவிடத் தெளிவாகப் பேசினான். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றான். 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. சொன்னேன். "அப்பாகிட்ட என்னன்னு சொல்லி கையெழுத்து வாங்குறதுண்ணே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. யாரோடு உறவு என்று விசாரித்தால் போக்சோ சட்டப்படி நான் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் அதையும் கேட்கவில்லை. பாடசாலை நடத்தும் அண்ணனிடம் பேசிப் பார்க்கலாமா என்றேன். முகம் வெளிறிப்போய், "அவருக்குத் தெரிஞ்சா நான் அந்தப் பக்கமே போக முடியாது" என்றான். 18 முடிய எட்டு மாதம் இருந்தது. முடிந்ததும் வா என்று சொல்லி அனுப்பினேன். விதிப்படி ஒரு தவறும் செய்யவில்லை நான்.

20 வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காசநோய் நுரையீரலைத் தாண்டி மூளைக்குப் போயிருந்தது. சி.டி.4 எண்ணிக்கை 50ஐத் தொடவில்லை. மூன்று வாரம் இருந்தான்.

எச்.ஐ.வி.யால் 20 வயதில் சாக வேண்டிய காலம் இல்லை இது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மருந்து இலவசம். முறையாகச் சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது. ஆபத்தான உறவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க முடியும். 1097 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். இந்த நான்கு வரியை அவனுடைய இரவுப் பாடசாலையில் யாராவது உரக்கச் சொல்லியிருந்தால், அந்த எட்டு மாதம் அவனைப் பிடித்து வைத்திருக்க ஓர் ஆள் இருந்திருப்பார்.

'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதியிருப்பதை நினைத்துப் பாருங்கள். மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் அதை ஆதரிக்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காக ஆதரிக்கிறோம் என்று வேறுபடுத்தினார். அரசும் என்.ஜி.ஓ.வும் உடல்நலத்துக்காக ஆணுறை கொடுத்தார்கள். விடுதலைக்காகப் பேச வேண்டியவர்கள் நாம். அந்த மேடையை நாம் காலியாக விட்டுவிட்டு, காலி மேடையில் என்.ஜி.ஓ. ஏறியது என்று குறை சொல்வது எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு தோழருக்கு, அந்த மாவட்ட நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரிந்திருக்கட்டும். பயந்து நிற்கிறவனோடு அங்கே வரிசையில் நிற்கட்டும். சாதி மறுப்பு இணையருக்குத் திறக்கிற வீடு, கல்யாணத்துக்குத் தப்பி ஓடி வருகிறவருக்கும் திறக்கட்டும். பாலினத்தையும் பாலீர்ப்பையும் வைத்துக் கேலி செய்கிற தோழரை, சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்தவரை நடத்துவதுபோல் நடத்துங்கள். கிரேஸ் பானு போன்றவர்கள் திருநர்களுக்குக் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டுப் பல ஆண்டுகளாகத் தெருவில் நிற்கிறார்கள். அதற்கு நம் மாநாடுகளில் தீர்மானம் போடுங்கள். பியர் எஜுகேட்டர்களின் மதிப்பூதியம் ஊதியமாக வேண்டும் என்பதையும் அதோடு சேருங்கள்.

கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அரை மணி நேரம் இல்லாவிட்டால் இருபது நிமிடம் போதும்.