விளக்கினுள் மறைந்த ஈரம்





விற்கும் பொருளிலுள்ள குறையை மறைப்பது பற்றிப் பாடம் நடத்தும்போது, சில நாட்கள் பால் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டப்படும் ஆட்டைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வோம். கிதாபில் உள்ளது அதுவே. ஆனால் மாணவர்களில் பலர் ஆட்டை விலை பேசி வாங்கியவர்கள் அல்லர். அதனால் சென்ற ஐப்பசி முதல் நான் என்னுடைய பழைய காரின் இடப்பக்க முகப்பு விளக்கைச் சொல்லி வருகிறேன்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவுக்குச் செல்லும் சாலையை அறிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மிஷெலின் டயர் ஆலைக்கும் மற்ற ஆலைகளுக்கும் இரவு பகலாகச் சரக்கு லாரிகள் ஓடுகின்றன. அப்படி ஒரு லாரியின் சக்கரம் தெறித்த கல் என் விளக்கை உடைத்தது. நிறுவனத்தின் அசல் விளக்கின் விலையைக் கேட்டுவிட்டு, ஓர் உதிரி பாகக் கடையில் அதே வடிவில் மலிவான விளக்கை வாங்கிப் பொருத்தினேன். முதல் மழையிலேயே கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. பிறகு முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது.

மெக்கானிக் ஒருவர் விளிம்பு முழுவதும் சிலிக்கான் பசையைப் பூசினார். பின்பக்கத்தில் இருந்த சிறு துளைகளையும் விடவில்லை. "இனி ஒரு சொட்டு உள்ளே போகாது பாய்" என்றார். உண்மைதான், உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த நீர் வெளியே வரவும் இல்லை.

இதன் காரணத்தை எல்லோரும் அறிந்துகொள்வது நல்லது. விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து வெளியேறும். அணைத்தால் அது குளிர்ந்து சுருங்கி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும். பழவேற்காட்டு ஏரியும் கடலும் அருகிருக்கும் நம் பகுதியில் அந்தக் காற்று பெரும்பாலும் ஈரக்காற்றே. உள்ளே வந்த ஈரம், இருப்பதிலேயே குளிர்ந்த பகுதியான முன்கண்ணாடியில் படியும். மீண்டும் விளக்கைப் போட்டால் சூட்டில் கலைந்து, பின்பக்கத் துளைகள் வழியே வெளியேறும். விளக்கு மூச்சு விடுவதற்காகவே அத்துளைகள் வைக்கப்பட்டுள்ளன. எனவே அதிகாலையில் படிந்து, விளக்கெரிந்த சிறிது நேரத்தில் மறையும் மெல்லிய ஆவி ஒரு குறையே அன்று. நீர்த்துளிகள் திரண்டு நிற்பதும், அடியில் நீர் தேங்குவதும்தான் குறை. பசை விட்டிருக்கும், பின்மூடியின் ரப்பர் வளையம் சரியாக அமராதிருக்கும், அல்லது எல்.இ.டி. பல்பு போடுவதற்காக அந்த மூடியையே யாரோ கழற்றி வீசியிருப்பார்கள். எல்.இ.டி. பல்பு கண்ணாடியின் பக்கம் அதிகச் சூட்டை அனுப்புவதில்லை என்பதால் படிந்த ஆவி கலையவும் தாமதமாகும்.

நான் வண்டியை விற்க எண்ணியபோதுதான் சோதனை வந்தது. வாங்க வந்தவர் தொழிற்பூங்காவில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இளைஞர். அவர் வருவதற்கு முதல் நாள் மெக்கானிக் எனக்கு ஒரு வழி சொன்னார்: "பல்பைக் கழட்டி ஹேர் டிரையர் அடிச்சு விட்டா ரெண்டு நாளைக்கு ஒண்ணும் தெரியாது பாய்." சிறிது நேரம் நான் அதை யோசிக்கவும் செய்தேன். பழைய வண்டி, சிறிய விளக்கு, பார்த்து வாங்குவது அவர் பொறுப்பு என்றெல்லாம் மனம் வழக்காடியது. பாடம் நடத்துபவனின் நஃப்ஸும் நஃப்ஸ்தான்.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்வை நம்மில் பலரும் கேட்டிருப்போம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். மழை பெய்ததற்காக அந்த வியாபாரி கண்டிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். என் விளக்கையும் மழைதான் நனைத்தது. ஹேர் டிரையரைப் பிடிக்கப் போகும் கை என்னுடையது.

இது விலையோடு முடியும் விஷயமும் அன்று. நீர்த்துளி படிந்த கண்ணாடி ஒளியைச் சிதறடிக்கும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் குறையும், எதிரே வருபவரின் கண் கூசும். இரவு ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புபவர் அந்த மங்கலில்தான் வருகிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் நம் மாவட்டத்திலும் எத்தனையோ வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. பழைய கார் வாங்குவோர் முகப்பு விளக்கினுள் வண்டல் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான். அதைத் துடைத்து மறைப்பவர், மூழ்கிய எஞ்சினையும் சேர்த்தே மறைக்கிறார். வாங்கும்போதே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹ் வாங்கியவருக்கு வழங்குகிறது. ஆனால் நம் ஊர் பழைய கார் வியாபாரத்தில் அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவரை நான் கண்டதில்லை.

இளைஞரிடம் உள்ளதைச் சொன்னேன். ஒரு வாரம் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் விளக்கு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை விளக்கில் பூசவே கூடாது என்றார். அதன் ஆவி உள்ளிருக்கும் பளபளப்புப் பூச்சை அரித்துவிடுமாம். ஹீட் கன்னால் மெல்லச் சூடேற்றிக் கண்ணாடியைப் பிரித்தார். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, உள்ளே நன்றாகக் காயவைத்து, பியூட்டைல் பசை இட்டு மூடினார். பின் துளைகளை விரலால் அடைத்துக்கொண்டு வாளி நீரில் அமிழ்த்தினார். ஒரு மூலையில் குமிழி வந்தது. முகம் சுளிக்காமல் மறுபடி பிரித்தார். இரண்டாம் முறை குமிழி வரவில்லை. துளைகளில் அடைந்திருந்த சிலிக்கானைக் குத்தி எடுத்துப் புது ரப்பர் குழாய் செருகியது கடைசி வேலை. அரை நாள் ஆனது. கேட்ட கூலி, நான் அந்தச் சிலிக்கான் பூச்சுக்குக் கொடுத்ததைவிடச் சற்றே அதிகம்.

விளக்கு பிரித்து ஒட்டப்பட்டது என்பதையும் சொல்லியே வண்டியை விற்றேன். அதற்காக அவர் விலையில் கொஞ்சம் குறைத்தார்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை அவரிடமிருந்து அழைப்பு. "ஹஜ்ரத், கண்ணாடியில மறுபடியும் ஆவி படிஞ்சிருக்கு" என்றார். விளக்கைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போகுமாறும், போய்ச் சேர்ந்ததும் பார்த்துச் சொல்லுமாறும் கேட்டுக்கொண்டேன். லுஹா தொழுதுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தபோது ஒரு படம் அனுப்பியிருந்தார். கண்ணாடி தெளிவாக இருந்தது.