பழைய பயங்கரப் படங்களின் மெய்யான குறை

மலாக்கா நகரத்துத் தமிழர்களிடையேயும், ஆலோர் காஜா, ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து பிற்காலத்தில் பட்டணத்தில் குடியேறிவிட்ட மூத்த தலைமுறையினரிடையேயும், 1950களிலும் 60களிலும் இங்கிலாந்தில் தயாரான பயங்கரப் படங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வேரூன்றிக் கிடக்கிறது. அந்தப் படங்கள் தேர்ந்த தொழில்திறத்தோடு எடுக்கப்பட்டவை. அவற்றில் குறையென்று ஏதேனும் உண்டென்றால் அது பணமுடையால் நேர்ந்த குறைதான். கயிற்றில் தொங்கும் வௌவாலையும் இரத்தமென்று ஊற்றிய சிவப்புச் சாயத்தையும் மன்னித்துவிட்டால் எஞ்சி நிற்பது யாருக்கும் கேடு விளைவிக்காத பொழுதுபோக்கு என்பதே அந்த அபிப்பிராயம். பெரியவர்கள் சொல்லக் கேட்டும், புதுப்பித்து வெளியிடப்படும் பிரதிகளைப் பார்த்தும் இளைஞர்களும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். இந்த அபிப்பிராயம் குற்றத்தைச் சுமத்தக் கூடாத இடத்தில் சுமத்தி, சுமத்த வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறது என்பது என் துணிபு.

அவற்றின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஹாமர் என்ற சிறிய நிறுவனம், தேம்ஸ் நதிக்கரையில் பிரே என்னும் ஊரில் ஒரு பழைய மாளிகையையே படப்பிடிப்பு நிலையமாக்கிக்கொண்டு, டெரன்ஸ் ஃபிஷர் என்ற இயக்குநரைக் கொண்டு 1957இல் பிராங்கென்ஸ்டைன் கதையையும் 1958இல் டிராகுலாவையும் வண்ணத்தில் எடுத்து வெளியிட்டபோது, அதுவரை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நிழலில் ஒளிந்திருந்த பீதி செந்நிறம் பூண்டது. டிராகுலாவின் இறுதிக் காட்சியில், பீட்டர் குஷிங் நீண்ட மேஜைமீது ஓடிப் பாய்ந்து சன்னல் திரையைக் கிழித்து வெயிலை உள்ளே விட்டு, இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்கே பிடித்துச் சிலுவையாக்கி, டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயை அந்த ஒளிக்குள் தள்ளுகிறாரே, அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறப்பது அரிது. இசையமைப்பாளர் ஜேம்ஸ் பெர்னார்ட் டிராகுலா என்ற பெயரின் மூன்று அசைகளையே மூன்று ஸ்வரங்களாக்கி ஒலிக்கவிட்ட இசையும் அப்படியே. சிக்கனத்தையோ நான் குறையாகவே கொள்வதில்லை. சாக்குப்படுதா கட்டி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய அரிச்சந்திரா நாடகம் ஆடிய தோட்டத்து ஜனங்களின் பரம்பரையில் வந்த எவருக்கும், ஒரே கார்ன்வால் கிராமத்து அரங்கை வைத்து இரண்டு படங்களை அடுத்தடுத்து எடுத்து முடித்த, ஹாமரின் மற்றோர் இயக்குநரான ஜான் கில்லிங்கின் சாமர்த்தியம் மரியாதைக்குரியதாகவே தோன்றும்.

ஆனால் அந்த இரண்டு படங்களில் ஒன்றான ‘தி ரெப்டைல்’ என்பதை நிதானமாகப் பாருங்கள். 1966இல் வெளிவந்த அதில், போர்னியோவின் சர்ப்ப வழிபாட்டுக் கூட்டமொன்றின் இரகசியங்களைத் துருவிய ஆங்கிலேய அறிஞரின் மகள், அவர்களது சாபத்தால் நாகமாக மாறி ஊராரைக் கடித்துக் கொல்கிறாள். அவளைக் காவல் காக்கும் வேலைக்காரன் ‘மலாய்க்காரன்’ என்று மட்டுமே சுட்டப்படுகிறான். அவனுக்குப் பெயரே இல்லை. விருந்தினர் முன்னால் அந்தப் பெண் வாசிப்பதோ சித்தார்! போர்னியோவின் சாபம், மலாய்க்கார ஏவலாள், ஹிந்துஸ்தானத்து வாத்தியம், நாகம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கீழ்த்திசை என்று பெயர் வைத்து, பயத்தின் பிறப்பிடம் அதுவே என்று காட்டிவிடுகிறார்கள். அந்த மலாய்க்காரனாக நடித்தவர் கல்கத்தாவில் பிறந்த மார்ன் மெயிட்லண்ட். அவரே 1959இல் வெளிவந்த ‘பம்பாய்க் கழுத்து நெரிப்பாளர்கள்’ படத்தில் இந்தியப் பட்டேலாகவும், அதற்கு முந்திய ஆண்டு ‘இரத்தத் தீவின் முகாம்’ படத்தில் ஜப்பானிய அதிகாரியாகவும் வந்தவர். மூன்று தேசத்து மனிதர்களுக்கு ஒரே முகம் போதும் என்று அந்த நிறுவனம் எண்ணியதற்குக் காரணம் வறுமையென்று சொல்ல முடியாது. ஆங்கிலேயப் பாத்திரங்களுக்கு ஆள் தேடுவதில் அவர்கள் இந்த அலட்சியத்தைக் காட்டியதில்லை.

அந்தப் பம்பாய்ப் படம் எனக்கு வேறொரு வகையிலும் வேதனை தருவது. வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கூட்டத்தார் இந்தியாவில் இருந்தது சரித்திரம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தக் கொலைகளையெல்லாம் காளிக்குச் செய்யும் பூஜையாக்கி, நேர்மையான கிழக்கிந்தியக் கம்பெனித் துரை ஒருவரை இரட்சகராக நிறுத்திவிட்ட அப்படத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பும் ஒருவன் என்ன எண்ணுவான்? பால்மரத்து நிரைகள் முடிந்து காடு தொடங்குகிற எல்லையில், தகரக் கூரையின்கீழே கல்லையும் சூலத்தையும் நட்டு அவன் பாட்டனார் வைத்த காளி, புலிக்கும் பாம்புக்கும் காய்ச்சலுக்கும் நடுவே பிள்ளைகுட்டிகளைக் காத்து நின்ற தாய். இருட்டோடு எழுந்து ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற பெண் அவளை ஒரு கணம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் பால்வாளி சுமக்கும் காண்டாவைத் தோளில் ஏற்றினாள். அந்த முகத்தைக் கொலைகாரிகளின் அணியில் சேர்த்த படத்தைத் தீங்கற்றது என்று சொல்லும் துணிவு நம்மவர்க்கு எங்கிருந்து வந்தது?

அதே காலத்தில் நம் பக்கத்திலேயே நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேத்தே-கிரிஸ் நிறுவனத்துக்காக, இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’, 1957 ஏப்ரலில், அதாவது மெர்டேக்கா என்னும் மலாயா விடுதலைக்கு நான்கு மாதங்கள் முன்னர், சிங்கப்பூரில் திரைக்கு வந்து பெருவெற்றி கண்டது. மரியா மெனாடோ நடித்த அந்தக் கதாநாயகி, கூனும் குரூபமுமாகப் பிறந்து மந்திரத்தால் அழகு பெற்றவள். இரத்தத்தை ஒருபோதும் சுவைக்கலாகாது என்பது அந்த வரத்தின் நிபந்தனை. கணவனைப் பாம்பு தீண்டியபோது, அவன் உயிரைக் காக்க விஷத்தைத் தன் வாயால் உறிஞ்சுகிறாள். அதனால் நிபந்தனை மீறப்பட்டுப் பேயாகிறாள். பயங்கரம் அங்கே அன்பிலிருந்து பிறக்கிறது. ஊருக்குள்ளேயே, பெயருள்ள ஒரு பெண்ணிடமிருந்து பிறக்கிறது. அது பிழையற்ற படம் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் பயப்படும்போதே இரங்கவும் வைத்தது. அதன் பிரதி இன்று எங்குமில்லை. அந்தப் பிரதியை அழியவிட்டு, ஹாமரின் படங்களை மட்டும் செம்மையான பிரதிகளில் பார்த்துக்கொண்டு, இவையே அக்காலத்துக் கலை என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

இனி என் முதன்மையான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மேலே குறிப்பிட்ட ‘இரத்தத் தீவின் முகாம்’, வால் கெஸ்ட் இயக்கத்தில் 1958இல் வெளிவந்து இங்கிலாந்தில் வசூலைக் குவித்த படம். கதை நடப்பது மலாயாவில். போர் முடிந்த செய்தி தெரிந்தால் கைதிகளையெல்லாம் கொன்றுவிடுவதாகச் சபதமிட்டிருக்கும் ஜப்பானியத் தளபதியிடமிருந்து அந்தச் செய்தியை மறைக்க வெள்ளைக்காரக் கைதிகள் படும் பாடு அதன் பொருள். ஜப்பானியரின் கொடுமைகளை அம்பலப்படுத்தும் படம் என்றே அது விளம்பரமாயிற்று. மலாயாவில் ஜப்பானியர் இழைத்த கொடுமையென்றால் தோட்டத்துத் தமிழனின் நெஞ்சில் முதலில் எழுவது சயாம்-பர்மா மரண ரயில். 1942இலிருந்து 1943 அக்டோபர் வரை, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் பாதைக்காக, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை வேலைக்கென்று சொல்லியும் வலுக்கட்டாயமாகவும் பிடித்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் மலைக்காய்ச்சலிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் தொகை 90,000 வரை மதிப்பிடப்படுகிறது. மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளோ 12,000 பேருக்கு மேல். கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. நம்மவர்கள் மூங்கில் காட்டில் குழி குழியாகப் புதைந்தார்கள்; அவர்களுக்காக ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் தமிழில் நாவல் எழுதும்வரை அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. மலாயாவின் பெயரால் பீதியை விற்ற அந்தப் படத்தில் இந்த ஜனங்களுக்கு இடமே இல்லை. நம் மண்ணில் நடந்த உண்மையான பயங்கரத்தில் நம்மைத் துடைத்துவிட்டு, கற்பனைப் பயங்கரத்தில் மட்டும் நம் தெய்வத்தையும் நம் அண்டை வீட்டாரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பேய்ப்படத்திடம் சரித்திரத்தை எதிர்பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஹாமரின் படமே சாட்சி. கில்லிங் அதே கிராம அரங்கில் எடுத்த மற்றொரு படமான ‘தி பிளேக் ஆஃப் தி ஸோம்பீஸ்’, கார்ன்வாலில் ஈயச் சுரங்கம் வைத்திருக்கும் ஒரு பிரபுவைப் பற்றியது. உயிருள்ளவர்கள் அந்தச் சுரங்கத்தில் இறங்க மறுத்துவிட்டதால், ஊராரை மந்திரத்தால் கொன்று, புதைகுழியிலிருந்து எழுப்பி வேலை வாங்குகிறான். கூலி கேட்காமல், ஓய்வு கேட்காமல், சாம்பல் பூத்த முகத்தோடு சவுக்கடிக்கு அசைந்துகொடுத்துப் பாறையை இடிக்கும் அந்தப் பிணங்களைக் கண்டால், ஈயமும் ரப்பரும் விளைந்த இந்நாட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே விளங்காத விஷயம் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் மெய்யை அவர்கள் தொட்டுவிட்டார்கள். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டு, அந்த வித்தையை ஹெய்ட்டியிலிருந்து வந்ததாக்கி, முரசு கொட்டும் கறுப்பு மனிதர்களை அவன் சுரங்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஹெய்ட்டியில் அந்தக் கதை பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களிலே உழன்ற அடிமைகளிடம் வளர்ந்தது. செத்த பிறகும் துரை தன்னை விடமாட்டான், உடம்பை எழுப்பி வேலைக்கு அனுப்புவான் என்று அவர்கள் நடுங்கிய நடுக்கம் அது. துரையைக் கண்டு அடிமை கொண்ட பயத்தை எடுத்து, அடிமையைக் கண்டு துரை கொள்ள வேண்டிய பயமாகத் திருப்பி விற்ற அந்தக் காரியத்தைப் பணமுடையால் வந்த பிழை என்று சொல்ல நான் ஒருப்படேன்.