புல்லட்டுக்கு எதுக்கு லேப்டாப்?

போன வாரம் டவுன்ல இருந்து தோட்டத்துக்கு வந்த தம்பி ஒருத்தர் என் பழைய புல்லட்டைப் பாத்துட்டு, "பாயிண்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு புரோகிராமபிள் இக்னிஷன் மாட்டுங்கண்ணே, லேப்டாப்லயே டைமிங் வச்சுக்கலாம்"னாரு.

அவர் சொல்றதுல பாதி நெசம். திருவொற்றியூர்ல செஞ்ச அந்தக் கால வண்டியில, வேகத்துக்குத் தக்கன தீப்பொறியை முன்கூட்டி விடுறது ரெண்டு குண்டும் ஸ்பிரிங்கும்தான். ஸ்பிரிங் தளர்ந்தா எஞ்சின் தட்டும், கிக்கர் திருப்பி அடிக்கும். என் மொழங்காலைக் கேளுங்க. எலக்ட்ரானிக்ல அந்தத் தொல்லை கொறையும், ஒத்துக்கிறேன்.

ஆனா பாயிண்ட் பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் சாகும். நாலு நாளா மிஸ் அடிக்கும். உப்புத்தாளால ரெண்டு தேய்ப்பு, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி, வீடு வந்து சேந்துரலாம். உசிலம்பட்டி ரோட்டுல ராத்திரி டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு நானே செஞ்சிருக்கேன். பிசின் ஊத்தி அடைச்ச பெட்டி செத்தா எதைத் தேய்க்கிறது? பேட்டரி எறங்குனாலும் அது முழிக்கும். பழைய 6 வோல்ட் வண்டின்னா மொதல்ல சார்ஜிங்கையே மாத்தணும்.

ஞாயித்துக்கெழமை அழகர்கோயில் போய் டீ குடிச்சுட்டு வர்றவருக்கு வண்டி நின்னா போட்டோ எடுக்கலாம். விடியக்காலம் நாலு மணிக்குக் கத்தரிக்கா மூட்டையோட மாட்டுத்தாவணி போறவனுக்கு நின்னா, அன்னைக்கு வெலை போச்சு. இது புரியாம "இன்னும் பாயிண்ட்டா?"னு சிரிக்கிறதுதான் எனக்குக் கோவம்.

மாட்டுறவங்க மாட்டுங்க. கழட்டுன பாயிண்ட், கண்டன்சர், காயில், குண்டு, ஸ்பிரிங் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுறாதீங்க. டூல் பாக்ஸ்ல கெடக்கட்டும்.