ஒரு கார்... ஒரு அம்பாரம்... ஒரு ஹாரன்!



தூத்துக்குடியில எத்தனை கார் கம்பெனி இருக்குன்னு கேட்டா, சின்னப் புள்ளையும் 'வின்ஃபாஸ்ட்'னு ஒத்தை விரலைக் காட்டும். 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் திறந்து வெச்சாரே, 400 ஏக்கர் வியட்நாம் கம்பெனி, அதேதான். ஆனா உண்மையான கணக்கு ரெண்டு! ரெண்டாவது கம்பெனி எங்க பெரியப்பா வீட்டுக் கொல்லையில இருக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பன்னெண்டுக்குப் பதினெட்டு அடி, பணியாளர்கள் நாலு பேர். அதுல மூணு பேருக்கு அரியர்.

சிரிக்காதீங்க பாஸ், தொழில் ஒண்ணுதான். அங்கே வியட்நாம்ல இருந்து வர்ற பாகங்களைச் சேர்த்து கார் ஆக்குறாங்க. இங்கே பழைய இரும்புக் கடையில இருந்து பெரியப்பாவோட டி.வி.எஸ்.ல வர்ற பாகங்களைச் சேர்க்குறோம். நம்ம அசோக் லேலண்டே அப்படி ஆரம்பிச்சதுதான். 1948-ல 'அசோக் மோட்டார்ஸ்'னு பேரு வெச்சு, இங்கிலாந்துல இருந்து வந்த ஆஸ்டின் ஏ-40 காரோட பாகங்களை எண்ணூர்ல பூட்டிக்கிட்டு இருந்தாங்க.

இதையே வீட்டுல செஞ்சா அதுக்குப் பேரு 'கிட் கார்'. இங்கிலாந்துல இது பெரிய பைத்தியம். 1957-ல லோட்டஸ் கம்பெனி 'செவன்'னு குட்டியா ஒரு காரை விட்டது. முழு காரா வாங்கினா வரி, பாகங்களா வாங்கினா வரி இல்லை. ஆனா எப்படிப் பூட்டுறதுன்னு குறிப்பு கொடுத்தா அதுவும் முழு கார் கணக்குல வந்துடும். அதனால கம்பெனி என்ன பண்ணுச்சாம்... எப்படிக் கழட்டுறதுன்னு குறிப்பு கொடுத்துச்சாம்! வாங்கினவங்க அதைக் கீழேயிருந்து மேலே படிச்சுக்கிட்டாங்கன்னு இன்னிக்கும் கதை சொல்றாங்க. (நம்ம லேப் ரெக்கார்டை நாம எழுதுற மாதிரியே இல்ல?) 1996-ல ரான் சாம்பியன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார், 250 பவுண்டுல ஸ்போர்ட்ஸ் கார் கட்டுறது எப்படின்னு புத்தகமே போட்டார். ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப், ஒரு வெல்டிங் மிஷின், பழைய கார் ஒண்ணு. அவ்வளவுதான் சமாச்சாரம்.

எங்களுக்கு அந்தப் பழைய கார் பெரியப்பாவோட 1998 மாடல் மாருதி 800. எங்க ஊர் உப்புக் காத்துல அடித்தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிப் போச்சு. ஆனா 796 சி.சி. மூணு சிலிண்டர் இன்ஜின் மட்டும் சாவியைத் திருப்பின உடனே 'என்னடே?'ன்னு கேக்கும். "எடைக்குப் போடப் போறேம்டே"ன்னு பெரியப்பா சொன்ன அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

காரணம், கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர். கரிவரதன்! மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. வெளிநாட்டு ரேஸ் காரை வாங்கி ஓட்டியிருக்கலாம். அவர் என்னடான்னா, சாதா மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒத்தை சீட்டு ரேஸ் காரைக் கட்டினார். 'ஃபார்முலா மாருதி'ன்னு பேரு. விலை குறைஞ்ச கார் வந்தா ஓட்டுறவன் தன்னால வருவான்னு கணக்கு. வந்தான்! நம்ம நரேன் கார்த்திகேயன் முதல்ல ரேஸ் ஓட்டினது அந்த வண்டியிலதான். 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல விமான விபத்துல போயிட்டார். இன்னிக்குக் கோவை செட்டிபாளையத்துல இருக்குற ரேஸ் டிராக்குக்கு அவர் பேருதான்.

அதே ஊர் ஜி.டி.நாயுடு அதுக்கும் முன்னாடி, 1952-லயே ரெண்டு சீட்டு பெட்ரோல் கார் செஞ்சு காட்டினவர். விலை 2,000 ரூபாய். கவர்மென்ட் லைசென்ஸ் கொடுக்கலை, கார் அத்தோட நின்னுபோச்சு. இந்த விஷயத்தை நான் கொஞ்சம் சீரியஸா எடுத்திருக்கணும்!

நாலு பேரும் ஆளுக்கு எட்டாயிரம் போட்டோம். என் எட்டாயிரம் அம்மாவோட சீட்டுப் பணம். ப்ராஜெக்ட்டுக்குன்னு சொல்லி வாங்கினது. பொய்யில்லை, பாதி உண்மை. பொரிச்ச புரோட்டா கடைப்பக்கமே போகாம ஆறு மாசம். வெல்டிங் சொல்லிக் கொடுத்தது விசைப்படகுக்கு இன்ஜின் வேலை பார்க்குற அண்ணாச்சி. முதல் நாள் நான் வெச்ச வெல்டிங்கை சுத்தியலால ஒரு தட்டு தட்டினார். பைப் தனியா, நான் தனியா. "கடல்ல போய் இது விட்டுச்சுன்னா நீந்தணும்டே. ரோட்டுல விட்டா?"ன்னு கேட்டுட்டு பீடியைப் பத்த வெச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் அவர் தட்டிப் பார்த்துதான் பெயின்ட் அடிச்சோம். இங்கே பெயின்ட் ஒரு நாள் தள்ளிப்போனாலே துரு வந்து உக்காந்துடும்.

கூடு ரெடி. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மினி லாரியில ஏத்திக்கிட்டு, நண்பனோட மாமா உப்பளத்துக்குப் போனோம். பாத்திகளுக்கு நடுவுல லாரி போற மண்பாதை, ஓரத்துல வெள்ளை வெளேர்னு உப்பு அம்பாரம். சீட்டுக் குலுக்கிப் போட்டதுல பேரு எனக்கு!

ஃபர்ஸ்ட் கியர்... செகண்ட் கியர்... மக்கா, அந்த ஒரு நிமிஷத்தை எழுத எனக்குத் தமிழ் பத்தாது. தரையில இருந்து முக்கால் அடி உயரத்துல உக்காந்திருக்கேன். நானே வெல்டிங் வெச்ச பைப் என் முழங்காலுக்குப் பக்கத்துல அதிருது. திருப்பத்துல பிரேக் அழுத்தினேன், பிடிச்சது. அடுத்த தடவை அழுத்தினேன்... பெடல் வெண்ணெய்க்குள்ள போன கத்தி மாதிரி அடிவரைக்கும் போச்சு. ஹேண்ட் பிரேக்? 'அப்புறம் மாட்டிக்கலாம்'னு விட்டிருந்தோம். அம்பாரத்தைப் பார்த்து ஸ்டீயரிங்கை ஒடிச்சேன்.

மூக்கு வரைக்கும் உப்பு. அடி ஒண்ணும் பெருசா இல்லை, உதடு மட்டும் கிழிஞ்சது. அதுல உப்பு பட்டா எப்படி இருக்கும்னு சொல்லணுமா?

ஓடி வந்தது எங்க பசங்க இல்லை, உப்பளத்துல வேலை பார்க்குற அக்காமாரு. தண்ணி ஊத்திக் கழுவிவிட்டாங்க. ஒருத்தர் என் உதட்டைத் தொடைச்சுக்கிட்டே சாதாரணமா சொன்னாங்க: "நாங்க உப்பைச் சொமந்துக்கிட்டு இதுலதாம்யா நடப்போம். டீ குடிக்க இப்பத்தான் ஒதுங்குனோம்."

வீட்டுக்கு வந்து கழட்டிப் பார்த்தோம். கம்பெனி 800-ல மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரெண்டு அறை, ரெண்டு தனித்தனி லைன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு வண்டியை நிறுத்தும். குழாய் வளைக்கக் கஷ்டமா இருக்குன்னு நாங்க எல்லாத்தையும் ஒரே லைன்ல கோத்துட்டோம். உள்ளே இருந்த ரப்பர் கப்பும் பழசு. புதுசு வாங்கினா சில நூறு ரூபாய் செலவுன்னு அதையே போட்டிருந்தோம். கப் கிழிஞ்சு, நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போச்சு. டிசைன் பேப்பர்ல 'ஃபெயிலியர்'னு அஞ்சு மார்க் கேள்விக்கு நான் எழுதின பதில் இப்போ ஞாபகம் வருது. முழு மார்க் வாங்கினேன், மானக்கேடு!

நம்பர் பிளேட் கதையைக் கேக்கவே வேண்டாம். போக்குவரத்துத் துறையில இருக்குற ஒரு தெரிஞ்சவர் பொறுமையா உக்காரவெச்சு விளக்கினார். ஆர்.சி. இருக்குற வண்டியைக் கம்பெனி கொடுத்த வடிவத்துல இருந்து மாத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில இதை அழுத்திச் சொல்லிடுச்சு. மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்கூட உண்டு. புதுசா நீயே கட்டினேன்னா, நீ ஒரு கார் கம்பெனி மாதிரி. ஒரகடம், புனே மாதிரி இடத்துல இருக்குற டெஸ்ட்டிங் சென்டர்ல மாதிரி வண்டியைக் கொடுத்து எல்லாப் பரிசோதனையும் பாஸ் பண்ணணும். அந்தச் செலவுக்கு எங்க நாலு குடும்பத்தையும் சேர்த்து வித்தாலும் பத்தாது.

மகாராஷ்டிராவுல சாங்லி பக்கம் தத்தாத்ரேய லோஹார்னு ஒருத்தர், 60,000 ரூபாய்ல கிக்கர் உதைச்சு ஸ்டார்ட் பண்ற கார் செஞ்சதை 2021-ல நாடே பார்த்துச்சு. ஆனந்த் மஹிந்திரா மனசாரப் பாராட்டினார். அதே மூச்சுல, இது விதிமுறைக்குள்ள வராது, ரோட்டுல ஓட விட மாட்டாங்கன்னும் சொன்னார். 2022 ஜனவரியில காரை வாங்கிக்கிட்டு பொலேரோ கொடுத்தார். எங்ககிட்ட யாரும் இன்னும் கேக்கலை!

இங்கிலாந்துல வீட்டுல கட்டின ஒத்தைக் காருக்குன்னே தனி டெஸ்ட் இருக்கு. பிரேக், லைட், ஸ்டீயரிங், கூர் முனைன்னு ஒவ்வொண்ணாப் பார்ப்பாங்க. பாஸானா நம்பர், இல்லைன்னா திரும்ப ஷெட்டுக்கு. அது நம்ம நாட்டுக்கும் வரணும்னு எனக்கு ஆசை. ஆனா அம்பாரத்துல மூக்கைக் குத்தினவன் அதை உரக்கச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. அன்னிக்கு அந்த டெஸ்ட்டுக்கு எங்க வண்டி போயிருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்க.

இப்போதைக்கு ரோட்டு ஆசையை விட்டாச்சு. கரிவரதன் பேருல இருக்குற அதே டிராக்லதான் காலேஜ் பசங்க தாங்களே கட்டின காரோட மோதுற 'ஃபார்முலா பாரத்' நடக்குது. அதோட பிரேக் விதியைப் படிச்சேன். ரெண்டு தனித்தனி லைன் கட்டாயமாம்! அதுக்கு எங்க கார் தேறாது, புதுசா கட்டணும். காலேஜ்ல கேட்டிருக்கோம். முதல்ல அரியரை முடிங்கன்னு பதில் வந்திருக்கு.

பழைய கார் ஷெட்லதான் நிக்குது. புது மாஸ்டர் சிலிண்டர் போட்டாச்சு, ரெண்டு லைனும் பிரிச்சாச்சு, ஹேண்ட் பிரேக்கும் மாட்டியாச்சு. சீட்டைத் தட்டினா இன்னும் உப்பு கொட்டுது. உப்பளத்து மாமாவுக்கு அம்பாரத்துக்கான காசுல பாதிதான் கொடுத்திருக்கோம். அம்மாகிட்ட மீதி உண்மையையும் சொல்லிட்டேன்; நாலு நாள் பேச்சு வார்த்தை கிடையாது.

போன வாரம் ராத்திரி ஷெட்ல லைட் எரிஞ்சது. எட்டிப் பார்த்தா, பெரியப்பா. கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சீட்ல இறங்கி உக்காந்து, ஸ்டீயரிங்கைப் பிடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டார்.

"ஏலே, எல்லாம் மாட்டினிய... ஹாரன் எங்கடே?"