முதல் தெளிப்பைத் தள்ளிப்போடுவோம்

நடவு முடிந்து ஒரு மாதம் ஆனால் டெல்டா வயல்களில் இலைச்சுருட்டுப்புழு கண்ணில் படத் தொடங்கும். இலையின் இரு ஓரங்களையும் நூலால் இழுத்துத் தைத்து, உள்ளே இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். வெளியே நீள வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு வயலே வெளுத்ததுபோல் தோன்ற, அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போகிறார். இயற்கைவழிப் புழுக்கட்டுப்பாடு இங்கே எடுபடவில்லை என்று சொல்கிறோம். அது வேலைசெய்ய இடம் கொடுக்காமல் முதல் தெளிப்பு முந்திக்கொள்கிறது என்பதே உண்மை.

தூர்கட்டும் பருவத்து நெல் ஓரளவு இலை இழப்பைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பொருளாதாரச் சேத நிலையை அப்பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம் என்றும், பூக்கும் தருணத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம் என்றும் வகுத்திருக்கிறது. அதற்கு முன்பே அடிக்கும் மருந்து சுருண்ட இலைக்குள் ஒளிந்த புழுவை முழுதாகத் தொடுவதில்லை. வெளியே திரியும் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடுகிறது. செயற்கைப் பைரித்ராய்டு தெளித்த வயலில் பின்னால் புகையான் பெருகுவது இதனால்தான். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. நெல் உற்பத்தி சரியவில்லை. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் முதல் 40 நாள் தெளிக்க வேண்டாம் என்று 1994இல் தொடங்கிய பிரச்சாரத்துக்குப் பிறகு, உழவர்களின் தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

குத்தகைக்கு எடுத்துக் கடன் வாங்கிப் பயிர் வைத்தவரிடம் பொறுத்திருங்கள் என்று சொல்வது எளிதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குருத்துப்பூச்சி விஷயத்தில் அது இன்னும் வலுவானது. வெண்கதிர் வந்தபின் அதை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. ஆகவே பொறுத்திருப்பது என்றால் கைகட்டி நிற்பதல்ல. நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளினால் அதில் ஒட்டிய முட்டைக்குவியல் வயலுக்குப் போகாது. நட்ட 30, 37ஆம் நாள்களில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கமும், 37, 44, 51ஆம் நாள்களில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸும் ஹெக்டேருக்கு முறைக்கு 5 சி.சி. விட வேண்டும். ஒட்டுண்ணி அட்டை பயன் தரவில்லை என்ற புகாரும் உண்டு. டிரைக்கோகிரம்மா முட்டையை மட்டுமே தாக்கும் குளவி. புழு பொரித்தபின் கட்டிய அட்டையும், மருந்து அடித்த வயலில் கட்டிய அட்டையும் வீண்தான். குறை நம் நாள்கணக்கில் இருக்கிறது. புழு தென்பட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு கைகொடுக்கும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டினால் இலை கருத்துத் தழைத்துப் புழுவை அழைக்கும். இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்து இடுவதே முதல் தடுப்பு.

இவ்வளவுக்கும் பிறகு சேதம் எல்லை தாண்டினால் பரிந்துரைத்த மருந்தை அளவோடு அடிக்கலாம்; அதில் பிடிவாதம் தேவையில்லை. ஆனால் எண்ணிப் பார்க்காமல் சீட்டு எழுதும் வழக்கம் நிற்க வேண்டும். களத்தில் இருக்கும் நண்பர்கள் இந்தச் சம்பாவில் மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் உழவரோடு வயலுக்குள் இறங்கி, சேதமான இலையையும் தூரிலுள்ள சிலந்தியையும் சேர்த்தே எண்ணுங்கள்.